கிரைண்டர் வாங்கப் போனவன் கதை

'கிரைண்டர்' என்று சொன்னால் தமிழ்நாட்டில் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இட்லி மாவுதான். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. போதாக்குறைக்கு, 2011ல் அரசு தொடங்கிய இலவச மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஒரு டேபிள் டாப் கிரைண்டர் வந்து சேர்ந்தது. அதனால்தான் உத்தமபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், 2024 பொங்கல் முடிந்த வாரத்தில், பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கும் ஒரு பையன் "அம்மா, ஒரு கிரைண்டர் வாங்கணும்" என்று பேச்சை எடுத்தபோது அந்த அம்மா, "எதுக்குடா? கவர்மெண்டு குடுத்ததே நல்லாத்தான ஓடுது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பையன் கேட்டது மாவாட்டும் கிரைண்டர் அல்ல. இரும்பு தேய்க்கும் பெல்ட் கிரைண்டர்! இரண்டு மூன்று உருளைகள், அவற்றைச் சுற்றி ஓடும் ஓர் உப்புத்தாள் பட்டை, அதைச் சுழற்ற ஒரு மோட்டார். மொத்த மெஷினே இவ்வளவுதான். ஆனால் இந்த 'இவ்வளவுதான்' அந்த வீட்டை மூன்று மாதம் அலைக்கழித்தது. அந்த மூன்று மாதத்தில் அவன் கற்றுக்கொண்டது வகுப்பில் மூன்று வருடம் படித்ததைவிடக் கொஞ்சம் அதிகம் என்றே சொல்ல வேண்டும்.

அரம் பிடித்த கை

பையனின் அப்பா கொல்லர். வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பட்டறை. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு நல்ல கொல்லருக்கு வேலைக்குப் பஞ்சம் கிடையாது. வாழைத்தார் வெட்ட அரிவாள், தென்னை ஏறுகிறவருக்குப் பாளை அரிவாள், களைக்கொத்து, மண்வெட்டி, விறகு பிளக்கக் கோடரி என்று வருடம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். அந்தத் திராட்சைக்குக் கவாத்து எடுக்கும் நாட்களில் கத்தரி சாணை பிடிக்க வருகிற கூட்டம் தனி. விடிகாலையில் ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு வழியாகக் கேரளாவுக்கு ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர்களின் கத்திகளும் இந்தப் பட்டறைகளுக்குத்தான் வரும்.

பிரச்சினை வேலையில் இல்லை, தோளில் இருந்தது. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை உலையில் காய்ச்சி, அடித்து, வளைத்து ஓர் அரிவாளாக்குவதில் அப்பாவுக்குச் சிரமமில்லை. துருத்தி போய் புளோவர் வந்து வெகுகாலமாகிவிட்டது. ஆனால் அடித்த பிறகு அரத்தால் ராவ வேண்டும். அடிக்கும் நேரத்தைவிட ராவும் நேரம் அதிகம். முப்பது வருடம் அரம் தள்ளிய வலது தோள் இப்போது சட்டை மாட்டுவதற்கே மேலே எழும்ப மறுக்கிறது. சந்தையில் மெஷினில் செய்து பளபளவென்று அடுக்கி வைத்த அரிவாள்களுக்குப் பக்கத்தில், அரத்தின் கீறல் தெரியும் அவருடைய அரிவாள் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். இத்தனைக்கும் வெட்டில் எது உசத்தி என்று வாங்குகிறவருக்குத் தெரியும். ஆனாலும் கண் முதலில் போவது பளபளப்புக்குத்தானே!

"நீ படிச்சு வேற சோலியப் பாரு. இது என்னோட போகட்டும்" என்பது அப்பாவின் கட்சி. "ஒரு மெஷின் மட்டும் இருந்தா இது போகாதுப்பா" என்பது மகனின் கட்சி. கடைசியில் அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. இனி தப்பான மெஷினை வாங்க முடியாது என்பது அப்போதே முடிவாகிவிட்டது.

ஏன் பெல்ட்?

இரும்பு தேய்க்க வேறு மெஷினே இல்லையா? இருக்கின்றன. ஆங்கிள் கிரைண்டர் எல்லா வெல்டிங் பட்டறையிலும் இருக்கிறது. ஆனால் நாலு இன்ச் டிஸ்க் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று வரை ஓடும். அதை வைத்துச் சரிவான அரிவாள் முகத்தைச் சமமாக எடுப்பது, கோடரியால் முடி வெட்டுவதைப் போல. கல் போட்ட பெஞ்ச் கிரைண்டர் இருக்கிறது. அதில் கல்லின் வளைவு இரும்பில் பதியும். அகலமான பரப்பைத் தட்டையாக எடுக்க முடியாது. சூடும் சீக்கிரம் ஏறும்.

இந்தச் சூடுதான் முக்கியமான விஷயம். துவைச்சல் போட்ட அரிவாளின் வாய்ப்பகுதி தேய்க்கும்போது 200 டிகிரி தாண்டினால் வைக்கோல் நிறம் வரும். 300 டிகிரியை நெருங்கினால் நீலம் ஏறும். நீலம் ஏறிய இடத்தில் இரும்பு இளகிவிட்டது என்று அர்த்தம். உலையில் பார்த்துப் பார்த்துக் கொடுத்த பதம் ஐந்து வினாடியில் போய்விடும்! பெல்ட்டில் இந்த ஆபத்து முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் 72 இன்ச் நீளமுள்ள பட்டையில் ஒவ்வொரு மணலும் ஒரு முறை உரசிவிட்டு, ஒரு சுற்று காற்றில் ஆறித்தான் திரும்பி வருகிறது. வேகத்தைக் குறைத்து, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரில் அடிக்கடி முக்கினால் பதம் கெடாமல் வேலை முடியும்.

இன்னொரு சின்னச் சேதி. இந்தப் பட்டைகளில் ஒட்டியிருக்கும் பழுப்பு நிற மணல் அலுமினியம் ஆக்சைடு. அதாவது செயற்கையாகச் செய்த கொரண்டம். ஆங்கிலத்தில் இன்றும் வழங்கும் அந்தக் 'கொரண்டம்' என்ற பெயரே நம்முடைய 'குருந்தம்' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து போனதுதான்! சென்னையில் 1954ல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் இந்த வகை உப்புத்தாள்களையும் சாணைக்கற்களையும் செய்து வருகிறது. எனவே பெல்ட்டுக்கு வெளிநாட்டைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

யூடியூப் மெஷினும் ஊர் கரண்டும்

பையன் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். யூடியூபில் அமெரிக்காக்காரர்கள் கத்தி செய்யும் வீடியோக்களை இரவு இரவாகப் பார்த்தான். இரண்டு இன்ச் அகலம், 72 இன்ச் நீளம், இரண்டு ஹெச்.பி. மோட்டார், வேகத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்க ஒரு டிரைவ். அதையே ஒரு நோட்டில் வரைந்து வைத்துக்கொண்டான்.

அதற்கு முன் ஒரு சோதனை. பழைய சாய்க்கும் வகை மாவு கிரைண்டர் ஒன்றின் அரை ஹெச்.பி. மோட்டார் பரணில் கிடந்தது. அதை இறக்கி ஒரு பலகையில் பூட்டி, இரண்டு இன்ச் பெல்ட் போட்டு ஓட்டிப் பார்த்தான். ஓடியது. அப்பா ஓர் அரிவாளை எடுத்து லேசாக அழுத்தினார். மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு நின்றுவிட்டது. "என்னாடா, ஒன் மெஷினு அரம் அளவுக்குக் கூட அழுத்தந் தாங்காது போலயே" என்று சிரித்துவிட்டு அவர் மறுபடி அரத்தை எடுத்துக்கொண்டார்.

இது தோல்விதான் என்றாலும் ஒரு கணக்கு புரிந்தது. பெல்ட்டின் அகலம் ஓர் இன்ச்சுக்கு ஏறக்குறைய ஒரு ஹெச்.பி. என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் பொதுவிதி. அரை ஹெச்.பி.க்கு ஓர் இன்ச் பெல்ட்டில் கத்தி சாணை பிடிக்கலாம். இரண்டு இன்ச் பெல்ட்டில் அரிவாள் எடுக்கக் குறைந்தது ஒன்றரை ஹெச்.பி. வேண்டும்.

அடுத்து அவன் கவனித்தது வேகம். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே நாலு போல் மோட்டார் நிமிடத்துக்கு 1725 சுற்று சுற்றும். இந்தியாவில் 50 ஹெர்ட்ஸ். அதே நாலு போல் மோட்டார் இங்கே 1440தான் சுற்றும். அதாவது வீடியோவில் சொன்ன உருளை அளவை அப்படியே கடைசல் பட்டறையில் கொடுத்துச் செய்தால், வீட்டுக்கு வந்து சேரும் மெஷின் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். 'வீடியோல வேகமா எடுக்குது, நமக்கு எடுக்கலையே' என்று பலர் புலம்புவதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவதுதான் பெரிய அடி. கல்லூரி பிராஜெக்டுக்கு வாங்கிய மல்டிமீட்டர் ஒன்று அவனிடம் இருந்தது. ஒரு நாள் முழுக்க வீட்டு பிளக்கில் வோல்டேஜ் பார்த்து எழுதினான். காலை ஆறு மணிக்கு 228. மதியம் 215. இரவு ஏழு மணிக்கு, தெரு முழுக்க டிவியும் ஃபேனும் ஓடும் நேரத்தில், 188!

230 வோல்ட் என்று எழுதியிருக்கும் மோட்டாருக்கு 188 வோல்ட் கொடுத்தால் என்ன ஆகும்? மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 188ஐ 230ஆல் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கினால் 0.67. மூன்றில் இரண்டு பங்கு பலம்தான் மிஞ்சும். அப்பா வழக்கம்போல அழுத்துவார். மோட்டார் திணறும், கூடுதலாகக் கரண்டை இழுக்கும், காயில் சூடேறும், ஒரு நாள் கருகும். கடையில் கேட்டால் 'மோட்டார் மட்டம்' என்பார்கள். உண்மையில் மட்டம் மோட்டார் இல்லை.

பவர் ஹவுஸ் பக்கத்து ஊர்

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இந்தப் பள்ளத்தாக்கே கரண்ட் தயாரிக்கும் இடம்! 1895ல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வருகிறது. கூடலூரைத் தாண்டிக் குமுளி மலைப்பாதையில் போகிறவர்கள் மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பார்கள். அந்தக் குழாய்களின் அடியில்தான் லோயர் கேம்ப் பவர் ஹவுஸ். 1950களின் கடைசியிலிருந்து ஓடுகிறது. அமைத்தபோது தலா 35 மெகாவாட் வீதம் நாலு யந்திரம், மொத்தம் 140 மெகாவாட். அது போகச் சுருளியாறு மின்நிலையம். ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் போனால் வரிசை வரிசையாகக் காற்றாலைகள்.

1,40,000 கிலோவாட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு, ஒன்றரை ஹெச்.பி. மோட்டாருக்கான 1.1 கிலோவாட்டுக்கு ஒரு வீடு யோசிக்க வேண்டியிருக்கிறது. கேட்பதற்கு அநியாயமாக இருந்தாலும் காரணம் எளிது. இங்கே பிறக்கும் மின்சாரம் இங்கேயே தங்குவதில்லை. உயர் அழுத்தக் கம்பியில் ஏறி மாநிலம் முழுக்கப் போகிற பொதுக் கிரிட்டில் கலந்துவிடுகிறது. வீட்டுக்கு வருவது தெருமுனை டிரான்ஸ்பார்மரிலிருந்து. அந்த டிரான்ஸ்பார்மருக்கு எவ்வளவு தூரத்தில் வீடு இருக்கிறது, நடுவில் எத்தனை வீடு இழுக்கிறது, கம்பி எவ்வளவு கனம் என்பதுதான் கணக்கு. இந்த வீடு லைனின் கடைசி வீடு.

அப்பாவுக்கு இதைப் புரியவைக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. 2012ல் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பத்து மணி நேரத்துக்கும் மேலே கரண்ட் போன காலத்தில், புளோவர் ஓடாமல் பரணிலிருந்து பழைய துருத்தியை இறக்கியவர் அவர். "கரண்ட நம்பி ஒலைய மூட்டாத" என்பது அன்றிலிருந்து அவருடைய பழமொழி. இப்போது அந்த மாதிரி வெட்டு கிடையாது. ஆனாலும் வீட்டில் துருத்தியைத் தூக்கிப் போட அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.

மூன்று வழி

கையிலிருந்த வழிகள் மூன்று.

முதல் வழி, மும்முனை இணைப்பு. மும்முனை மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் வேண்டாம், சுவிட்ச் வேண்டாம், உதறாமல் ஓடும், நீண்ட நாள் உழைக்கும். பெரிய பட்டறை என்றால் கேள்வியே இல்லாமல் இதுதான். ஆனால் அந்தத் தெருவில் ஒருமுனை லைன்தான் வந்திருந்தது. கம்பம் நட்டுக் கம்பி இழுக்கும் செலவு மெஷினைவிட அதிகம். அந்த வழி மூடியது.

இரண்டாவது வழி, டிரைவ். வி.எஃப்.டி. என்று சொல்வார்கள். ஒருமுனை 230 வோல்ட்டை வாங்கி, மும்முனை 230 வோல்ட்டாக்கி மோட்டாருக்குக் கொடுக்கும் பெட்டி. இதில் இரண்டு பெரிய லாபம். ஒரு திருகில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். சாதாரண மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். டிரைவ் மெதுவாகக் கிளப்புவதால் அந்த இழுப்பு இருக்காது. பலவீனமான லைனுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் தெரியாமல் வாங்குகிறவர்கள் விழும் குழிகள் இரண்டு உண்டு. ஒன்று, கெப்பாசிட்டர் வைத்த ஒருமுனை மோட்டாரை இதில் மாட்டக்கூடாது. மும்முனை மோட்டார்தான் வேண்டும். இரண்டு, கடையில் கிடைக்கும் சின்ன மும்முனை மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் முறையில் கட்டப்பட்டிருக்கும். அதை டெல்டாவாக மாற்றிக் கட்டினால்தான் 230 வோல்ட்டில் முழுப் பலம் வரும். ஆறு முனையும் வெளியே வந்திருக்கிறதா என்று மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

மூன்றாவது வழி, சாதாரண ஒருமுனை கெப்பாசிட்டர் மோட்டார். வேகத்தை மாற்ற ஸ்டெப் புல்லி. தையல் மெஷின் காலத்துத் தொழில்நுட்பம் என்று பையன் இதை முதலில் சீண்டவே இல்லை.

வைண்டிங் கடைக்காரர் சொன்னது

டிரைவ்தான் என்று முடிவு செய்து, டெல்டா மாற்றித் தரச் சொல்லிக் கேட்க அவன் ஒரு வைண்டிங் கடைக்குப் போனான். கிணறும் போரும் நிறைந்த பள்ளத்தாக்கு இது. வாழைக்கும் திராட்சைக்கும் தென்னைக்கும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்; கருகிக்கொண்டும் இருக்கும். அதனால் சின்ன ஊரில்கூட ஒரு வைண்டிங் கடை இருக்கும். கடைக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, டிரைவு நல்ல சாமான்தான். நான் வேணாம்னு சொல்லல. ஆனா இரும்புத்தூள் பறக்குற எடத்துல அது போச்சுன்னா, மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோதான் பார்சல் போடணும். அது திரும்பி வர்ற வரைக்கும் ஒங்கப்பா மறுபடி அரத்தத் தூக்கணும். கெப்பாசிட்டர் மோட்டாரு போச்சுன்னு வையி, சாயங்காலம் கொண்டா, மறுநா வாங்கிட்டுப் போ."

"வேகம் மாத்தணுமே அண்ணே?"

"புல்லி எதுக்குடா இருக்கு? ஒங்கப்பா நிமிசத்துக்கொரு தடவ வேகம் மாத்தப் போறாரா என்ன?"

பையன் பதில் சொல்லாமல் பஸ் ஏறினான். பதில் சொல்ல எதுவுமில்லை. அப்பாவின் வேலையில் வேகம் மொத்தம் மூன்றுதான். துவைச்சலுக்கு முன் வேகமாக உருவம் எடுப்பது ஒன்று, நடுத்தரமாகச் சமன் செய்வது ஒன்று, துவைச்சலுக்குப் பிறகு மெதுவாக வாய் எடுப்பது ஒன்று. மூன்று வேகத்துக்கு மூன்று படிப் புல்லி!

அன்று இரவே கணக்குப் போட்டான். மோட்டார் 1440 சுற்று. மோட்டார் புல்லியில் 3, 4, 5 இன்ச் படிகள். அதற்கு எதிரே மேல் ஷாஃப்டில் 5, 4, 3 இன்ச் படிகள். அப்படியானால் ஷாஃப்ட் சுற்றுவது முறையே 864, 1440, 2400. ஷாஃப்டில் பெல்ட்டை ஓட்டும் உருளை 5 இன்ச், அதாவது 127 மில்லிமீட்டர். அதன் சுற்றளவு ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். பெருக்கினால் பெல்ட் வேகம் வினாடிக்குச் சுமார் 6 மீட்டர், 9.5 மீட்டர், 16 மீட்டர். வாய் எடுக்க 6, சமன் செய்ய 9.5, உருவம் எடுக்க 16. பெரிய தொழிற்சாலைகளில் 30 மீட்டர் வரை ஓட்டுவார்கள். அதற்கு ஒன்றரை ஹெச்.பி.யும் போதாது, இந்தக் கூரையும் தாங்காது.

சுவருக்குள் இருக்கும் மெஷின்

மோட்டார் முடிவானது. வோல்டேஜ்? அதுதான் உண்மையான செலவு.

வீட்டிலிருந்து பட்டறைக்கு 25 மீட்டர் நீளத்துக்கு ஒரு மெல்லிய ஒயர் போயிருந்தது. ஒரு பல்பும் புளோவரும் ஓட்டுவதற்காக எப்போதோ இழுத்த 1 சதுர மில்லிமீட்டர் ஒயர். போக வர 50 மீட்டர் செம்பு; அதன் மின்தடை 0.86 ஓம். ஒன்றரை ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய 8 ஆம்பியர், கிளம்பும்போது 40 ஆம்பியர். 40ஐ 0.86ஆல் பெருக்கினால் 34 வோல்ட். ஏற்கெனவே 188 இருக்கும் இடத்தில் இன்னும் 34 போனால் மோட்டார் எங்கே கிளம்பும்? அதே தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு 9 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும்.

அதோடு சட்டம் ஒன்றும் இருக்கிறது. வீட்டு இணைப்பில் விற்பனைக்கான தொழில் செய்வது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126வது பிரிவின்படி அனுமதியில்லாத உபயோகம். பிடிபட்டால் இரண்டு மடங்கு கட்டணம். 'புளோவர்தானே' என்று இத்தனை நாள் ஓடியது ஓடிவிட்டது. குடிசைத் தொழிலுக்கென்று தனிக் கட்டணப் பிரிவே இருக்கும்போது எதற்குப் பயந்து பயந்து ஓட்ட வேண்டும்? மின்வாரியத்தின் பெயர் எத்தனை முறை மாறினாலும் ஊரில் இன்னும் 'ஈ.பி. ஆபீஸ்'தான். அங்கே விண்ணப்பித்துப் பட்டறைக்குத் தனியாக ஒரு ஒருமுனை இணைப்பு வாங்கினார்கள். போஸ்ட்டிலிருந்து நேராகப் பட்டறைக்கே லைன் வந்ததால் வீட்டைச் சுற்றிய மெல்லிய ஒயரின் தொல்லையும் போனது. உள்ளே கனமான ஒயர், மோட்டாருக்கு ஏற்ற எம்.சி.பி., மெஷினின் சட்டத்துக்கு முறையான எர்த்.

மோட்டார் வாங்கும்போது அவன் விடாப்பிடியாகக் கேட்டது ஒன்றுதான். உடம்பு முழுக்க மூடி, வெளியே விசிறி வைத்த வகை. மாவு கிரைண்டர், வாஷிங் மெஷின் மோட்டார்களில் காற்றுப் போக ஓட்டை இருக்கும். இரும்புத்தூள் அந்த ஓட்டை வழியே காயிலுக்குள் போனால் ஆயுசு சில மாதம்தான். சட்டத்தை வெல்டிங் பட்டறையில் செய்தார்கள், உருளைகளைக் கடைசல் பட்டறையில் கடைந்தார்கள். மேல் உருளையை மட்டும் நடுவில் லேசாக மேடு வைத்துக் கடைய வேண்டும். அந்த மேடு இல்லையென்றால் பெல்ட் ஒரு பக்கமாக ஓடிக் கழன்று விழும்.

தூசியும் துண்டும்

இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் என்று ஓர் ஊர். கத்திக்கும் கரண்டிக்கும் உலகப் புகழ் பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே மணற்கல்லில் தண்ணீர் விடாமல் முள்கரண்டி தீட்டிய தொழிலாளர்கள் பலர் நாற்பது வயதைக் காணாமல், நுரையீரலில் கல்தூசி படிந்து இறந்தார்கள். இன்றைய பெல்ட்டில் மணற்கல் இல்லை. ஆனாலும் இரும்புத்தூளும் பசைத்தூளும் நுரையீரலுக்கு விருந்தாளி அல்ல. கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழகிப்போன என்95 மாஸ்க் இங்கேயும் உதவும். தீப்பொறி விழும் இடத்தில் பாதி தண்ணீர் ஊற்றிய ஒரு தகரப் பெட்டி வைத்தால் பெரும்பகுதித் தூள் அதில் அடங்கும்.

அப்பாவை மாற்றுவதுதான் கடினமாக இருந்தது. லுங்கியும் தோளில் துண்டும்தான் அவருடைய யூனிபாரம். ஓடும் பெல்ட் துண்டின் ஒரு நூலைப் பிடித்தால் போதும், ஆளையே இழுத்துவிடும். "முப்பது வருசமா தீயோட நிக்கிறேன், நீ எனக்குச் சொல்றியா" என்றார். பையன் வாக்குவாதம் செய்யவில்லை. ஒரு பழைய துணியின் நுனியை ஓடும் பெல்ட்டில் காட்டினான். அடுத்த நொடி துணி அவன் கையில் இல்லை. மறுநாளிலிருந்து துண்டு ஆணியில் தொங்குகிறது.

இப்போது

மெஷின் ஓடுகிறது. இரவு ஏழு மணிக்கு மேல் ஓட்டுவதில்லை என்பது வீட்டின் விதி. பகல் வோல்டேஜ்தான் அதற்கு ஒத்துவருகிறது. சுவிட்சைப் போட்டு மோட்டார் முழு வேகம் பிடித்த பிறகுதான் இரும்பை வைக்க வேண்டும் என்பது இரண்டாவது விதி. கெப்பாசிட்டர் ஒரு முறை போனது. வைண்டிங் கடைக்காரர் சொன்னபடியே மறுநாள் சரியாகிவிட்டது. அப்பா இப்போதும் கடைசியாக இரண்டு இழுப்பு அரத்தால்தான் ராவுகிறார். "மெஷினு மேடு பள்ளம் பாக்கும், கைதான் வெட்டு பாக்கும்" என்கிறார். அது உண்மையா, பழக்கமா என்று பையனுக்கு இன்னும் தெரியவில்லை. தோள்வலி முற்றிலும் போகவில்லை. சட்டை மட்டும் யாரும் பிடிக்காமல் மாட்டிக்கொள்கிறார்.

அம்மாவின் சங்கிலி இன்னும் அடகுக்கடையில்தான் இருக்கிறது. மாதாமாதம் வட்டி போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த கவாத்துக்குள் மீட்டுவிடலாம் என்று பையன் சொல்கிறான். "மீட்டா சரி" என்கிறார் அம்மா. அந்த வீட்டில் இப்போது இரண்டு கிரைண்டர். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினாலும் லைட் மங்குவதில்லை என்பது அம்மாவுக்குத் தனிச் சந்தோஷம்.

மெஷின் வாங்க நினைக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது 'எந்த கம்பெனி? எத்தனை ஹெச்.பி.?' என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. சுவரில் இருக்கும் பிளக்கில் இரவு ஏழு மணிக்கு எத்தனை வோல்ட் வருகிறது? கெட்டுப்போனால் பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் சரிசெய்ய ஆள் இருக்கிறாரா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால், என்ன மெஷின் வாங்குவது என்பது பாதி முடிவானது போலத்தான். ஒரு மல்டிமீட்டரும் ஒரு நாள் பொறுமையும் இருந்தால் போதும். சங்கிலியை அடகு வைப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது இன்னும் நல்லது!